கோரிடோராஸ் மீன் வளர்ப்பு: தரையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீனை, சுருக்கமாகச் சொன்னால் கோரியை, பலர் ஒரு தப்பான காரணத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். தொட்டியின் அடியில் கிடக்கும் அழுக்கைத் தின்று சுத்தம் செய்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. மேலேயிருந்து விழும் தீனியைப் பொறுக்கும், அவ்வளவுதான். மற்ற மீன்களின் கழிவை அது தொடாது. தன் பங்குக்கும் கழிவு போடும்.

அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டால், வீட்டுத் தொட்டிக்கு இதைவிட சாதுவான மீன் கிடைப்பது கஷ்டம். எவரையும் துரத்தாது, துடுப்பைக் கடிக்காது, கூட்டமாக மணலைக் கிளறிக்கொண்டே பொழுதைக் கழிக்கும். ஒழுங்காக வைத்தால் 5 முதல் 10 ஆண்டு வரை இருக்கும்.

ஒரே சிக்கல், அது வாழ்வது தரையில். தொட்டியில் கெடுவது எல்லாம் வந்து சேர்வதும் தரையில்தான். அதனால் வேலையைத் தரையில் தொடங்கி, தண்ணீரைத் தயார் செய்து, மீனைக் கடைசியில் கொண்டுவர வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யும்போதுதான்.

1. எந்த கோரி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெப்பநிலையைப் பாருங்கள். எல்லா கோரியும் தென் அமெரிக்க மீன்கள்தான் என்றாலும், எல்லாம் ஒரே வெப்பத்தில் வாழ்பவை அல்ல.

பிரான்ஸ் கோரிக்கு (bronze, அதாவது வெண்கல நிற கோரி) 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் ஏற்றது. கடைகளில் பார்க்கும் வெள்ளை நிற அல்பினோ பெரும்பாலும் இதே இனம்தான். புள்ளிகள் கொண்ட பெப்பர்டு கோரியும் பாண்டா கோரியும் இன்னும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரைக் கேட்பவை; தொடர்ந்து 26-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். ஸ்டெர்பாய் கோரி 28 வரை நிம்மதியாகத் தாங்கும். பிக்மி கோரி 3 சென்டிமீட்டரைத் தாண்டாத குட்டி இனம். தரையில் இருப்பதைவிட நடுத்தண்ணீரில் நீந்துவதுதான் அதற்கு அதிகம் பிடிக்கும்.

தொட்டி வைக்கப்போகும் அறையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, விடியற்காலையிலும் பிற்பகலிலும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 28 காட்டுகிறதா? ஸ்டெர்பாய் எடுங்கள். 24-ஐச் சுற்றியே இருந்தால் பிரான்ஸ் கோரியில் தொடங்குவதுதான் என் பரிந்துரை. சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2024-இல் வகைப்பாட்டியலாளர்கள் கோரிடோராஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் இணையத்தில் ஒரே மீனுக்கு இரண்டு அறிவியல் பெயர்கள் கண்ணில் படும். கடைப் பெயர் அப்படியேதான் இருக்கிறது, குழம்ப வேண்டாம்.

2. தொட்டி: உயரம் வேண்டாம், தரை வேண்டும்

பிரான்ஸ் கோரி வளர்ந்தால் 6, 7 சென்டிமீட்டர் இருக்கும். ஆறு மீன்களுக்குக் குறைந்தபட்சம் 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தரை தேவை. உயரம் 36 என்று வைத்தால் ஏறக்குறைய 65 லிட்டர் வரும். இதே 65 லிட்டர், உயரமான அறுகோணத் தொட்டியில் இருந்தால் கோரிக்குப் பிரயோஜனமில்லை. லிட்டர் கணக்கைவிட தரைப் பரப்புதான் இங்கே பேசும்.

உயரம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோரி அவ்வப்போது சட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் இறங்கும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடலின் பின்பகுதி உறிஞ்சிக்கொள்ளும். இது நோய் அல்ல, இயல்பு. ஆனால் மேற்பரப்பு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்றிடம் விடுங்கள். பாயும் வேகத்தில் வெளியே விழாமலிருக்க மூடியும் போடுங்கள்.

நிரம்பிய தொட்டி மணலும் கண்ணாடியும் சேர்த்து 80 கிலோவைத் தொடும். மேசை ஆடுகிறதா, சமமாக இருக்கிறதா என்று காலித் தொட்டியை வைத்தே பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு நகர்த்துவது கண்ணாடி ஒட்டுக்கு ஆபத்து.

3. மணல்: இங்கே அவசரப்படாதீர்கள்

கோரி சாப்பிடும் விதத்தைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் மணல் ஏன் முக்கியம் என்று புரியும். மீசைகளால் தடவிக்கொண்டே வந்து, முகத்தைக் கண் வரைக்கும் மணலில் புதைக்கும். ஒரு வாய் மணலை அள்ளும். வாய்க்குள்ளேயே சலித்து, தீனியை வைத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக இரண்டு பக்கமும் புகை போல வெளியே விடும். நாள் முழுக்க இதே வேலை. பெரிய கூழாங்கல்லில் இதைச் செய்யவே முடியாது. கூரான கல்லில் செய்தால் மீசை தேயும், வாய் புண்ணாகும்.

வேண்டியது வழவழப்பான, நுண்ணிய மணல். நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் மணலும், நன்றாகக் கழுவிய ஆற்று மணலும் சரிப்படும். கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் வேண்டாம். அதன் விளிம்புகள் கூர்மையானவை. ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தித் தேயுங்கள். உங்களுக்கு உறுத்தினால் மீனுக்கும் உறுத்தும்.

கடற்கரை மணலில் சிப்பித் துகள் கலந்திருக்கும். அது மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். (அமில-கார) அளவையும் ஏற்றிவிடும். எந்த மணலாக இருந்தாலும் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணலை விட்டுவிடுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது. மணல் 3 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அழகுக்காக 8, 10 சென்டிமீட்டர் போட்டால் அடியில் காற்றோட்டமில்லாத அடுக்கு உண்டாகி அழுக்கு அங்கேயே தங்கும். மணலைப் பரப்பிய பின் அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். இல்லையென்றால் சமன் செய்ததெல்லாம் குழியாகிவிடும்.

4. ஃபில்டர், வெப்பம், ஒளிவிடம்

இந்த அளவுத் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். இழுப்பு மென்மையாக இருக்கும், குஞ்சுகளும் சிக்காது. மோட்டார் ஃபில்டர் வைத்தால் உறிஞ்சும் வாயை மணலிலிருந்து நன்றாக உயர்த்தி வையுங்கள். கோரி கிளறிவிடும் மணல் உள்ளே போனால் மோட்டார் தேய்ந்துவிடும்.

ஹீட்டர் தேவையா என்பதை வாளித் தண்ணீரே சொல்லியிருக்கும். இரவில் 22-க்குக் கீழே இறங்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 1 வாட் கணக்கில் வாங்குங்கள். வெயில் அதிகமுள்ள இடங்களில் பிரச்சினை எதிர்ப்பக்கம்தான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாவதிலேயே இரண்டு டிகிரி வரை இறங்கும். ஐஸ் கட்டியைப் போட்டுச் சட்டென்று குளிரவைப்பது வெப்பத்தைவிட மோசம்.

மரக்கட்டை, அகன்ற இலைச் செடி, கவிழ்த்த மண்சட்டித் துண்டு என்று மூன்று நான்கு ஒளிவிடம் வையுங்கள். ஆனால் தரையில் பாதியாவது வெட்டவெளியாக இருக்கட்டும். அதுதான் அவற்றின் மேய்ச்சல் இடம். வெளிச்சம் அதிகம் வேண்டாம்.

5. மீனில்லாமலே தண்ணீரைப் பழக்குங்கள்

அதிகம் பேர் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். மீன்கள் சாவதும் பெரும்பாலும் இங்கேதான். தொட்டி வைத்த மறுநாளே தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். "சரி, தயாராகிவிட்டது" என்று மீனை விடுவார்கள். தெளிந்த தண்ணீரும் தயாரான தண்ணீரும் ஒன்றல்ல.

மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது குறைந்த அளவில் பெரிய கெடுதல் செய்யாது. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

முதலில் குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினை நீக்க மருந்து விடுங்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைனைக் கலக்கும் ஊர்களில் அது அப்படிப் போகாது. மருந்து இரண்டையுமே பார்த்துக்கொள்ளும்.

பிறகு திரவ அமோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். புட்டியைக் குலுக்கினால் நுரை நிற்கிறது என்றால் அதில் சோப்பு கலந்திருக்கிறது, வேண்டாம். சுத்தமான அமோனியா கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடலாம். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். ஆரோக்கியமான பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி உள்ளே வைத்தால் வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கலாம்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை டெஸ்ட் கிட் கொண்டு பாருங்கள். முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரைட்டும் இறங்கும். அமோனியா தீரும்போதெல்லாம் மறுபடி விடுங்கள். 2 பி.பி.எம். விட்டால் 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியாகிவிடும் நிலை வந்தால்தான் தொட்டி தயார். அப்போது பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, நைட்ரேட்டை 20 பி.பி.எம்.-க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

நடுவில் தண்ணீர் பால் போலக் கலங்கலாம். அது பாக்டீரியா பெருக்கம், தானே தெளியும். பயந்துபோய் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் ஏராளம். மீன் வரும் நாள் வரை அமோனியா விடுவதை நிறுத்தாதீர்கள். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.

பி.எச். 6-க்கும் 7.8-க்கும் இடையில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதைவிட, நிலையாக இருப்பதுதான் மீனுக்கு நல்லது.

6. மீனைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே இனத்தில் ஆறு. இரண்டு பிரான்ஸ், இரண்டு பாண்டா, இரண்டு ஸ்டெர்பாய் என்று கலந்து எடுத்தால் ஆறு மீன் இருக்கும், கூட்டம் இருக்காது. தன் இனம் சூழ இல்லாத கோரி மூலையில் ஒடுங்கி, இரவில் மட்டும் வெளியே வரும்.

கடைத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து முதலில் மீசையைப் பாருங்கள். முழுசாக இருக்க வேண்டும். கட்டையாகவோ சிவந்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். வயிறு உள்ளே ஒட்டியிருந்தால் அது பல நாள் பட்டினி. கண் தெளிவாக இருக்கிறதா, துடுப்பு விரிந்திருக்கிறதா, செவுள் இரண்டும் சீராக அசைகிறதா என்றும் பாருங்கள். அதே தொட்டியில் செத்த மீன் மிதந்தால் நல்லதாகத் தெரிகிற மீனையும் வாங்காதீர்கள். நேற்று வந்த சரக்கு என்றால், ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம்.

கோரியின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கெட்டியான முள் உண்டு. பயந்தால் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் பிடித்தால் மாட்டிக்கொண்டு, இழுக்கும்போது முள் முறியும். மெல்லிய பிளாஸ்டிக் பையையும் குத்திவிடும். டப்பாவால் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள், பையை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள். மிரண்டுபோனால் லேசான நச்சுத் திரவமும் சுரக்கும் என்பதால் ஒரே சின்னப் பையில் ஆறையும் திணிக்க விடாதீர்கள்.

7. தொட்டியில் விடுதல்

விளக்கை அணையுங்கள். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு பைத் தண்ணீரை மீனோடு ஒரு டப்பாவில் ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை தொட்டித் தண்ணீர் சேருங்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் இரு மடங்கானதும் மீனைக் கப்பால் மொண்டு விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

புதுத் தொட்டியில் இவைதான் முதல் மீன்கள் என்றால் தனிமைத் தொட்டி தேவையில்லை. இந்தத் தொட்டியே அந்த வேலையைச் செய்யும். அடுத்த 3, 4 வாரத்துக்கு வேறு மீன் சேர்க்காமல் இருந்தால் போதும். ஏற்கெனவே மீன்கள் இருக்கிற தொட்டி என்றால், கோரிகளை அதே கால அளவு தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

முதல் நாள் தீனி போட வேண்டாம். ஒளிந்துகொண்டால் தேடிப் பிடித்துப் பார்க்கவும் வேண்டாம்.

8. தீனி

மேலே மிதக்கும் தீனியை டெட்ரா போன்ற மேலே நீந்தும் சின்ன மீன்கள் அடிக்கு விடுவதில்லை. கோரி சத்தமில்லாமல் பட்டினி கிடக்கும். அடியில் மூழ்கும் பெல்லட் அல்லது வேஃபரைத் தனியாகப் போடுங்கள். நல்ல வழி இதுதான்: மற்ற மீன்களுக்கு முதலில் மேலே போட்டு வயிற்றை நிரப்புங்கள். விளக்கு அணைந்து கால் மணி நேரம் கழித்து, இரண்டு மூன்று இடங்களில் கோரித் தீனியைப் போடுங்கள்.

பாசி வேஃபர் மட்டும் போட்டால் போதாது. கோரி புழு, பூச்சி தின்கிற மீன், புரதம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் உறையவைத்த ரத்தப்புழு அல்லது ஆர்ட்டீமியா (குட்டி உப்புநீர் இறால்) கொடுங்கள். காலையில் தீனி மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு, அன்று அளவைக் குறையுங்கள். வயிறு லேசாக உருண்டிருப்பதுதான் சரியான அளவு.

9. கூட்டாளிகள்

நியான் டெட்ரா, எம்பர் டெட்ரா, ஹார்லெக்வின் ரஸ்போரா, தேன் கௌராமி எல்லாம் நன்றாகப் பொருந்தும். இவை மேலே அமைதியாக நீந்தினால் கோரியும் தைரியமாக வெளியே வரும்.

தங்கமீன் வேண்டாம், அதற்குக் குளிர்ந்த தண்ணீர் தேவை, கழிவும் அதிகம். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். பெரிய சிக்லிட் மீன்கள் கோரியை விழுங்கப் பார்க்கும். அப்போது முள் தொண்டையில் பூட்டிக்கொண்டு இரண்டுமே சாகலாம்.

10. வாரா வாரம்

வாரத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். குழாயை மணலுக்குள் குத்தாமல், ஒரு விரல் உயரத்தில் சுழற்றினால் அழுக்கு எழும்பி வந்துவிடும், மணல் கீழேயே இருக்கும். மூலைகளையும் மரக்கட்டைக்கு அடியையும் மறக்காதீர்கள்.

ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

11. ஏதாவது சரியில்லை என்றால்

மீசை குட்டையாகிக்கொண்டே வந்தால் எல்லோரும் மணலைத்தான் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை மணலின் கூர்மையைவிட அதில் தேங்கிய அழுக்குதான் அதிகம் காரணமாகிறது. மணலை மாற்றுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் தண்ணீரையும் தீனி மிச்சத்தையும் ஒழுங்காகக் கவனியுங்கள். வேர்ப்பகுதி மிச்சமிருந்தால் மீசை மறுபடி வளரும்.

வயிற்றுப் பக்கம் சிவந்த திட்டு தெரிந்தாலும் முதலில் டெஸ்ட் கிட்டை எடுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி இல்லையென்றால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

எப்போதாவது மேலே பாய்வது இயல்பு என்றேன். ஆனால் எல்லா மீன்களும் நிமிடத்துக்கு ஒரு முறை பாய்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை, அல்லது தண்ணீர் கெட்டிருக்கிறது. ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பில் மாட்டிக் காற்றுக் குமிழி விடும் கல்) போட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்.

மருந்து கடைசி வழிதான். கோரிக்குச் செதில் இல்லை, எலும்புத் தகடுகள்தான் உண்டு. வயிற்றுப் பக்கம் வெறும் தோல். மருந்துப் புட்டியில் செதில் இல்லாத மீன்களுக்கான அளவு தனியாகப் போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு பிடி உப்பு என்கிற வைத்தியம் இவற்றோடு வேண்டாம்.

12. கண்ணாடியில் முட்டை தெரிந்தால்

நன்றாகத் தின்று வளர்ந்த கூட்டம், கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றியதும் முட்டையிடத் தொடங்கலாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்ன உருண்டைகளை விட்டுவைத்தால் தாய்மீன்களே தின்றுவிடும். சுத்தமான விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் உள்ள டப்பாவில் ஏர் ஸ்டோனோடு வையுங்கள். பூஞ்சை பிடித்து வெள்ளையாகும் முட்டையை உடனே எடுத்துவிடுங்கள்; பக்கத்து முட்டைக்கும் பரவும்.

3 முதல் 5 நாளில் பொரிக்கும். முதல் இரண்டு நாளுக்குக் குஞ்சின் மஞ்சள்கருப் பையிலேயே சத்து இருப்பதால் தீனி வேண்டாம். அது வற்றியதும் மைக்ரோ புழுவோ புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவோ சிறுகச் சிறுக, நாளுக்கு இரண்டு மூன்று முறை. டப்பாவின் தரையை தினமும் துடைத்து, எடுத்த அளவுக்குப் பெரிய தொட்டியிலிருந்தே தண்ணீர் ஊற்றுங்கள். 2 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகு பெரியவற்றோடு சேர்த்துவிடலாம்.